கொழுந்துக் கணக்கு எழுதிய அக்கா

(தோட்டக் கிளை நடத்திய பிரியாவிடைக் கூட்டத்தில், கிளைச் செயற்குழு உறுப்பினரான ஆசிரியை ஆற்றிய உரை)



அக்காவுக்குப் பிரியாவிடை என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். அதைப் பார்த்துவிட்டு அக்கா கேட்கிறார்: "நான் எங்க போறேன்? அதே மேக்கணக்கு லயம், அதே காம்பராதான?" உண்மைதான். 42 வருடம் பிரட்டுக்கு வந்தவர் நாளையிலிருந்து பிரட்டுக்கு வரமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அவரோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்களுக்குத் தெரியும்.

நம் மேடைகளில் முல்லோயா கோவிந்தனைப் பற்றிப் பேசுகிறோம், டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணனைப் பற்றிப் பேசுகிறோம். 1940இலும் 1977இலும் உயிர் கொடுத்தவர்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் பக்கத்து நெறையில் நின்று கொழுந்து எடுக்கிறவரைப் பற்றி அவர் உயிரோடு இருக்கும்போதே நாம் மேடையில் பேசுவதில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு. அக்கா எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. மாதர் தலைவியாக இருங்கள் என்று இரண்டு முறை கேட்டோம். "பதவிக்கு ஆள் இருக்கு, வேலைக்குத்தான் ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

முதலில் அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். மகளுடைய பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைத்து, பொலித்தீனில் சுற்றி, படங்குக்குள் சொருகி வைத்திருப்பார். காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவையிலும் தன்னுடைய கிலோவை மட்டுமல்ல, தன் கூட்டத்தில் இருக்கிற 14 பேருடைய கிலோவையும் அதில் குறித்துக்கொள்வார். சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், மழைத் தண்ணீருக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதும் அதில் இருக்கும். அட்டை கடித்து இரத்தம் ஓடுகிற காலோடு நின்று எழுதுவதை நானே பார்த்திருக்கிறேன்.

2021இல் 1000 ரூபாய் சம்பளம் வந்தது. அடிப்படைச் சம்பளம் 900, அதோடு 100. அந்தக் கையோடு பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவையும் ஏற்றினார்கள். இங்கே 18 கிலோ 20 ஆனது. 20 வராவிட்டால் அரைப்பேர். அந்த மாதச் சம்பளத்தில் ஆறு பெண்களுக்கு முழுப்பேராக இருந்த நாட்கள் அரைப்பேராக விழுந்திருந்தன. கமிட்டி ஒபிசுக்குப் போனது. கணக்கெல்லாம் கம்பியூட்டரில் இருக்கிறது, தப்பு வராது என்றார்கள். தலைவருக்குப் பின்னால் நின்ற அக்கா ஒன்றும் பேசாமல் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். தேதி, நிறுவை, கிலோ, கழிவு என்று எல்லாம் வரிசையாக இருந்தது. நிறுவைத் துண்டுகளை எடுத்துவரச் சொல்லி ஒத்துப் பார்த்தார்கள். கொப்பியும் துண்டும் ஒன்றாக இருந்தன, ஒபிஸ் கணக்குத்தான் வேறாக இருந்தது. அடுத்த சம்பளத்தில் ஆறு பேருக்கும் நிலுவை வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். தரம் ஐந்துப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் எதற்கு என்று இப்போது இந்தக் கதையைச் சொல்லித்தான் விளங்கப்படுத்துகிறேன்.

நம் தோட்டத்தில் பேர் என்றால் அது வெறும் பெயர் இல்லை, ஒரு நாள் கூலி. ஐந்து மாதக் கர்ப்பிணியாக மலைக்கு வந்த தங்கச்சி ஒருத்திக்கு அந்தி நிறுவையில் இரண்டு கிலோ குறையும் போலிருந்தது. அக்கா தன் கூடையிலிருந்து அள்ளி அவள் சாக்கில் போட்டார். கங்காணி சத்தம் போட்டதற்கு, "கொழுந்துல யார் பேரும் எழுதியிருக்கா?" என்று கேட்டார். அந்தத் தங்கச்சி இன்று கைப்பிள்ளையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா கோபக்காரரும்தான். கொழுந்து முற்றலாக எடுத்தால் ஏசுவார், கூட்டத்தில் நான் நீட்டிப் பேசினால் என்னையும் ஏசுவார். இப்போதே இரண்டு தரம் முறைத்துவிட்டார்.

இன்னொரு பேர்க் கதையும் உண்டு. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறோம். ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போகும்போதுதான் அது தெரியவரும். அக்காவுக்கும் அப்படித்தான் இருந்தது. 50 வயதில் பெண்கள் அந்தப் பணத்தை எடுக்கலாம் என்பதால் அதற்கு முன்பே சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்து, தன் பெயரைச் சரிசெய்தார். அதோடு விடவில்லை. வழி தெரிந்துகொண்டவர் என்பதால் மற்றவர்களையும் டவுனுக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு நாள் பேர் போனது. அதற்காக யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை, பஸ் காசைத் தவிர.

இனி அக்காவுக்கு வரவேண்டியதைப் பேசுவோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். 42 வருடத்துக்கு 588 நாள். வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்தத் தோட்டத்தில் போன வருடம் நின்றவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அக்காவின் கடிதத்தைச் சங்கம் இன்றைக்கே ஒபிசில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டது. 31ஆவது நாள் பணம் வரவில்லை என்றால் தொழில் அலுவலகத்துக்குப் போவோம். இந்த முறை அக்காவைக் கூட்டிக்கொண்டு போவது நம்முடைய முறை. யாருக்காவது பேர் போகும் என்று யோசனையாக இருந்தால் நான் வருகிறேன், எனக்கு லீவு இருக்கிறது.

ஒன்றை மனதில் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமையிலிருந்து கைக்காசுக்கு வாருங்கள் என்று அக்காவை ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டார்கள். கைக்காசு என்றால் கிலோவுக்குக் காசு, சேமலாப நிதி கிடையாது. போவதும் போகாததும் அக்காவின் விருப்பம், வீட்டு நிலைமை அவருக்குத்தான் தெரியும். ஆனால் நின்றுபோன அந்த ஒரு நிரந்தரப் பேருக்குப் புதிதாக ஒரு பிள்ளையைப் பதியச் சொல்லிச் சங்கம் கேட்கும்.

கொப்பியை யார் எழுதுவது என்று நேற்று லயத்தில் பேச்சு வந்தது. சாதாரண தரம் முடித்துவிட்டு மலைக்கு வருகிற நம் பிள்ளை ஒருத்தி எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அக்கா அவளுக்கு இரண்டு நாள் காட்டிக்கொடுத்தார். எழுத்து அழகாக இருக்கிறது, கழிவை மட்டும் தனியாக எழுதப் பழக வேண்டும் என்று சொல்கிறார்.

கடைசியாக ஓர் அறிவித்தல். பெயர் வித்தியாசம் இருக்கிறவர்கள் வருகிற சனிக்கிழமை பின்னேரம் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சம்பளத் துண்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வாருங்கள். நான் இருப்பேன். அக்காவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.