கேள்விப்பத்திரமும் ஒப்புநோக்கலும்



பத்திரிகைக் காரியாலயங்களில் ஒப்புநோக்காளர் என்று ஒருவர் இருப்பார். அச்சிட்ட படியை மூலப் பிரதியோடு எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்ப்பதே அவர் தொழில். கட்டுரையாசிரியருக்குப் புகழ் உண்டு. ஒப்புநோக்காளரின் பெயர் எவருக்கும் தெரியாது. அந்தப் பெயரற்ற மனிதரின் தொழிலை நம் ஊர் ஒப்பந்தகாரர்களும் சங்கங்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல விழைவது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடற்பெருக்கின் பின்னர், மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர் வரையும் வீடுகளும் பாடசாலைகளும் மீளக் கட்டப்பட்ட ஆண்டுகளில், கேள்விப்பத்திரம் என்னும் சொல் நம் வீடுகளில் அன்றாடச் சொல்லாயிற்று. மேசன்மாரும் ஓடாவிமாரும் ஒப்பந்தகாரராயினர். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் சிறு வீதி வேலைகளையும் வடிகான் வேலைகளையும் பொறுப்பேற்கின்றன. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்குக்கூட மனுக் கோரியே ஆளைத் தெரிவு செய்கின்றோம். இவர்களுள் பலர் கைத்தொழிலில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். ஆயினும் வேலை வெளியூர்க் கம்பனிக்குப் போய்விடுவதுண்டு. போனதற்குக் காரணம் விசாரித்தால், பல வேளைகளில் செல்வாக்கு என்பார்கள். செல்வாக்கும் இருக்கலாம். ஆனால் நிராகரிக்கப்பட்ட மனுவை வாங்கிப் பார்த்தால், ஒரு பக்கத்தில் கையொப்பம் இராது. அல்லது ஓர் இலக்கம் இடம் மாறியிருக்கும்.

இலக்கம் மாறினால் என்ன நேரும் என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். வேலையின் அளவையும் விலையையும் நிரையாகக் காட்டும் பட்டியலை நம்மவர் பீ.ஓ.கியூ. என்பர். அதிலே 600 சதுர மீற்றர் சாந்து பூசுவதற்கு, சதுர மீற்றர் ஒன்றுக்கு 1,540 ரூபாவென ஒருவர் கணித்திருக்கிறார். மொத்தம் 924,000 ரூபா. தட்டச்சில் அது 1,450 ஆகிவிட்டது. மொத்தம் மட்டும் சரியாக இருக்கின்றது. எதனை ஏற்பார்கள்? நம் நாட்டில் வழங்கும் நிர்மாண வேலைக் கேள்விப்பத்திர விதிகளின்படி, அலகு விலையும் மொத்தமும் முரண்பட்டால் அலகு விலையே செல்லும். எனவே மொத்தம் 870,000 ரூபாவெனத் திருத்தப்படும். 54,000 ரூபா ஒரே வரியில் போய்விட்டது. அத்திருத்தத்தை ஏற்க மறுத்தால் மனு தள்ளப்படும். பிணைமுறிப் பணமும் பறிபோகக்கூடும். தசமப் புள்ளி பெரிதும் இடம் பெயர்ந்தமை வெளிப்படையாயின் மொத்தத்தையே கொள்ளலாம் என்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது வெளிப்படையா அன்றா என்று தீர்மானிப்பவர் நாமல்லர்.

இலக்கமும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தே செல்லும். காசோலை எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. இங்கே நம்மவர் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. நம் நாவிலே இருப்பது இலட்சமும் கோடியும். ஆவணத்திலே இருப்பது மில்லியன். பன்னிரண்டரை இலட்சம் என்று மனத்தில் நினைத்தவர் 12.5 மில்லியன் என எழுதிவிட்டால், அது ஒன்றேகால் கோடி! எழுதியவர் எத்தனை முறை வாசித்தாலும் பன்னிரண்டரை என்பதே கண்ணிற் படும், மில்லியன் படாது.

தவறு மெய்யானது என்று நிரூபித்தால் மன்னிப்புக் கிடைக்குமே என்று சிலர் எண்ணலாம். கனடா நாட்டில் நடந்த வழக்கொன்று இதற்கு விடை கூறும். ரொன் என்ஜினியரிங் என்னும் நிறுவனம் 1972 இல் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு வேலைக்கு 2,748,000 டொலருக்கு மனுச் சமர்ப்பித்தது. 150,000 டொலரை வைப்புப் பணமாகக் கட்டியது. மனுக்கள் திறக்கப்பட்டபோது அதன் தொகையே எல்லாவற்றிலும் குறைந்தது. அடுத்த மனுவுக்கும் அதற்கும் ஆறு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட இடைவெளி. மகிழ வேண்டிய நிறுவனத்தார் திடுக்கிட்டனர். ஓடிச்சென்று கணக்கைப் பார்த்தால், தம் சொந்த ஆட்களின் கூலிச் செலவான 750,058 டொலர் கூட்டுத்தொகையிற் சேர்க்கப்படவேயில்லை. மனுக்காலம் முடிந்து ஒன்றேகால் மணி நேரங்கூட ஆகுமுன் தவறை அறிவித்தனர். அது நேர்மையான தவறு என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் 1981 இல் கனடாவின் உயர் நீதிமன்றம், மனுவைக் கையளித்தபோதே ஓர் உடன்படிக்கை உண்டாகிவிட்டது எனத் தீர்த்தது. வைப்புப் பணம் போனது போனதே. ஒரு கூட்டலை மறுபடி பார்க்க எத்தனை நிமிடம் சென்றிருக்கும்? வழக்கோ ஒன்பது ஆண்டுக் கதையாயிற்று.

கணினி வந்துவிட்டதே, இனி அச்சமில்லை என்பாரும் உளர். 2003 இல் அதே நாட்டின் டிரான்ஸ்அல்டா என்னும் மின்சார நிறுவனம், கணினி அட்டவணையில் வெட்டி ஒட்டியபோது நேர்ந்த பிழையினால் 24 மில்லியன் அமெரிக்க டொலரை இழந்தது. பிழையை விரைவாகப் பெருக்கவும் கணினிக்குத் தெரியும். இரண்டு உதாரணமும் கனடாவிலிருந்து வருவதால் கனடியர் கவனமற்றவர் என்று கொள்ள வேண்டாம். தவறுகளை ஒளியாமல் பதிந்து வைக்கும் வழக்கம் அங்குண்டு, நாம் மறைத்துவிடுகின்றோம்.

பிணைமுறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கி தந்த தாள்தானே என்று மடித்து உறையில் வைத்துவிடுகின்றார்கள். அதிலே யார் பெயருக்கு எழுதப்பட்டிருக்கின்றது, எத்திகதி வரை செல்லும் என்பதை வாசிப்பதில்லை. கேட்ட திகதிக்கு ஒரு நாள் குறைந்தாலும் அத்தாள் பயனற்றது. மாதக்கணக்கான உழைப்பும் அதனோடு போம்.

மனுக் கோரும் கந்தோர்களுக்கும் இது பொருந்தும். வேறோர் ஊருக்குச் சென்ற ஆண்டு தயாரித்த ஆவணத்தைப் பிரதி செய்து, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி, அளவை மாற்ற மறந்துவிடுகின்றனர். பின்னர் திருத்தம் வெளியிட வேண்டும். திகதியை நீடிக்க வேண்டும். சில வேளை மீண்டும் மனுக் கோர வேண்டும். இதற்கிடையே ஐப்பசி பிறந்து, வடகீழ்ப் பருவ மழை தொடங்கிவிடும். கூரை வேயாத வகுப்பறைப் பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் நெருக்கி அமர்த்திப் பாடம் நடத்துவது எப்படி என்பதை இக்கரையோர ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி, ஒப்புநோக்கும் முறை. எழுதியவர் தாமே பார்ப்பது ஒப்புநோக்கல் ஆகாது. இருவர் வேண்டும். ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர் மூலக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்துவர வேண்டும். தொகையை ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது என்று வாசித்தால் போதாது. ஒன்று, ஐந்து, நான்கு, பூச்சியம் என்று இலக்கம் இலக்கமாக வாசிக்க வேண்டும். கூட்டலை ஒருமுறை மேலிருந்தும் ஒருமுறை கீழிருந்தும் கூட்டுவது நல்லது. வெட்டித் திருத்திய இடந்தோறும் சுருக்கொப்பம் உண்டா எனப் பார்க்க வேண்டும். இறுதி நாளின் நள்ளிரவில் இதனைச் செய்வதிற் பயனில்லை. குறைந்தது இரண்டு நாள் முன்னதாக மனு எழுதி முடிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாமவருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். க.பொ.த. உயர்தரம் கற்கும் மகனோ மகளோ இல்லாத வீடு நம்மூரில் அரிது. பிள்ளை வாசிக்கட்டும், வாப்பா கணக்குக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிள்ளைக்குச் சாந்தும் கம்பியும் விளங்காது என்று தயங்க வேண்டாம். விளங்கியவர், தாம் எதிர்பார்ப்பதை வாசித்துவிடுவார். விளங்காத பிள்ளைதான் தாளில் உள்ளதை அப்படியே வாசிக்கும்.