செய்யூரின் கணக்கு வேறு

(செங்கற்பட்டு ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செங்கற்பட்டைத் தொழில் வளர்ந்த மாவட்டம் என்கிறார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. சென்னையின் நெரிசலைக் குறைக்க உருவாக்கப்பட்ட மறைமலைநகர் இங்கே இருக்கிறது. பரனூருக்கு அருகே, 2002-இல் திறக்கப்பட்ட மகிந்திரா தொழில் நகரம் இருக்கிறது. சிறுசேரியிலே கண்ணாடி மாளிகைகள் கண்ணைப் பறிக்கின்றன. எல்லாம் உண்மை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த உண்மையைக் காட்டியே செய்யூரின் வாயை அடைக்கிறார்களே, அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

2021 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட மாநிலத் தொழிற்கொள்கை, மாவட்டங்களை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்தது. முதலீடு ஓரிடத்திலே குவியாமல் பின்தங்கிய பகுதிகளுக்கும் பரவ வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம், அதிலே குறை காண நான் வரவில்லை. பின்தங்கிய மாவட்டங்கள் 'சி' வகை. அங்கே ஆலை அமைப்போருக்குச் சலுகை மிகுதி. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு நான்கும் 'ஏ' வகை. இங்கே சலுகை குறைவு. காரணம் என்ன? இங்கே சலுகை தராவிட்டாலும் தொழில் தானாக வந்துவிடுமாம்!

எங்கே வரும், தோழர்களே? தாம்பரத்துக்கு வரும். வண்டலூருக்கு வரும். சித்தாமூருக்கு வருமா? இலத்தூருக்கு வருமா? அச்சிறுபாக்கத்துக்கு வருமா? துறைமுகமும் விமான நிலையமும் பக்கத்திலே வேண்டும் என்று எண்ணுகிற முதலாளி மறைமலைநகரோடு நின்றுவிடுகிறார். சலுகைதான் வேண்டும் என்று எண்ணுகிறவர் செய்யூரைத் தாண்டித் தெற்கே போய்விடுகிறார். நடுவிலே நிற்கிறது செய்யூர், கை காட்டியும் நிற்காமல் போன இரண்டு பேருந்துகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பயணியைப் போல.

பண்ணையார் வீட்டுக் குதிரிலே நூறு மூட்டை. பண்ணையாள் வீட்டுப் பானையிலே ஒருபடி. இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, ஆளுக்கு ஐம்பது மூட்டை உண்டு என்று எழுதினால் அதற்குப் பெயர் கணக்கா? மாவட்டச் சராசரி என்று அதிகாரிகள் நீட்டுகிற தாளிலே இருப்பது இந்தக் கணக்குத்தான். செய்யூரும் மதுராந்தகமும் தனித்தொகுதிகள். ஏன் தனித்தொகுதிகள் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிலமில்லாத உழைப்பாளி நிறைந்த பகுதி, ஏட்டிலே பணக்கார மாவட்டத்தின் பகுதியாகப் பதிவாகியிருக்கிறது.

வேறு வழியே இல்லை என்று சொல்வார்களானால், அதுவும் பொருந்தாது. சிறுதொழிலுக்கான முதலீட்டு மானியத்திலே இதே மாநில அரசு ஊராட்சி ஒன்றியத்தை அளவாக வைத்திருக்கிறது. தொழிலில் பின்தங்கியவை என்று 250-க்கும் மேற்பட்ட ஒன்றியங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. பத்து பேருக்கு வேலை தருகிற பட்டறைக்கு ஒன்றியம் அளவுகோல். ஆயிரம் பேருக்கு வேலை தருகிற ஆலைக்கு மாவட்டம் அளவுகோல். இது என்ன நியாயம்?

1891-இலே இந்தச் செங்கற்பட்டின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், இங்கே வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அவர் மாவட்டத்தின் விளைச்சலைக் கூட்டி வகுத்துவிட்டு ஓய்ந்துவிடவில்லை. சேரியிலே வாழ்கிறவனுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பதைக் கண்டு எழுதினார். அதன் விளைவாகத்தான் 1892-இலே பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலங்கள் பிறகு யார் யார் கைக்குப் போயின என்பது தனிக்கதை. அதைப் பேசத் தொடங்கினால் இன்றிரவு போதாது.

செய்யூருக்கு ஒன்றுமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்று வருவதாக இருந்தது: 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம். உழவர்களும் மீனவர்களும் எதிர்த்தார்கள். சாம்பல் எங்கே போகும், ஏரி என்னவாகும், உப்பங்கழி என்னவாகும் என்று கேட்டார்கள். திட்டம் பல ஆண்டுகள் காகிதத்திலே கிடந்தது, நிலையம் எழவில்லை. கரியும் சாம்பலும் என்றால் செய்யூர் நினைவுக்கு வருகிறது. கணிப்பொறி என்றால் சிறுசேரி நினைவுக்கு வருகிறது!

மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலே வடநெம்மேலி இருக்கிறது. இருளர் மக்கள் அங்கே ஒரு தொழில் நடத்துகிறார்கள். முன்பு பாம்பைப் பிடித்துத் தோலை விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். 1972-இலே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தோல் வணிகம் குற்றமாயிற்று, அடுப்பு அணைந்தது. 1978-இலே ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்து, பாம்பை மீண்டும் காட்டிலே விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதி இவர்கள் கையிலிருந்து போகிறது. அவர்களிலே வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இலே பத்மசிறீ விருது கிடைத்தது.

பெரிய முதலாளி வந்தாரா? ஆயிரம் ஏக்கர் எடுத்தார்களா? இல்லை. கையிலே இருந்த திறமைக்குச் சட்டத்தின் அனுமதியும் சங்கத்தின் அமைப்பும் கிடைத்தன, அவ்வளவுதான். இத்தனைக்கும், வனத்துறை உரிமம் தந்தால்தான் பிடிக்கலாம். உரிமம் தாமதமானால் உலையும் தாமதம். ஊர் மருந்துக்கு நஞ்சு தருகிறவனைக் கோப்பு காத்திருக்க வைக்கிறது.

பெருந்தொழிலே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். பக்கத்து மாவட்டத்துச் செய்யாற்றைப் பாருங்கள். சிப்காட் வளாகத்திலே காலணி ஆலை. ஆயிரக்கணக்கான பெண்கள், காலையிலே தங்கள் ஊரிலிருந்து பேருந்தேறி, மாலையிலே தங்கள் வீட்டுக்கே திரும்புகிறார்கள். கூலி போதுமா என்பது வேறு வழக்கு. அதையும் பேசியாக வேண்டும். ஆனால் ஆலை கிராமத்தைத் தேடி வந்தது. திருப்பெரும்புதூர் அருகே வல்லம் வடகாலிலோ, பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்குவதற்கு விடுதியே கட்டி 2024-இலே திறந்தார்கள். பாதுகாப்பான விடுதி வந்ததை வரவேற்கிறேன். ஆயினும் 18,720 படுக்கை என்றால், 18,720 பெண்கள் ஊரைவிட்டு வர வேண்டியிருக்கிறது என்றுதானே பொருள்?

1929 பிப்ரவரியிலே, இதே செங்கற்பட்டிலே, முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும், எந்தத் தொழிலிலும் ஈடுபட உரிமை வேண்டும் என்று அன்றே தீர்மானம் போட்டார்கள். உரிமை கிடைத்த பெண், வேலைக்காக வீட்டைத் துறக்க வேண்டும் என்று அந்த மாநாட்டிலே யாரும் சொல்லவில்லை.

நிலத்தைப் பற்றி ஒரு சொல். செய்யாற்றை அடுத்த மேல்மாவிலே 2023-இலே சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலம் கேட்டார்கள், உழவர் மறுத்தார்கள், சிலர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. வேலை தருவதாகச் சொல்லி, இருக்கிற வேலையைப் பறிக்கும் வழி நமக்கு வேண்டாம். மதுராந்தகம் ஏரிப் பாசனத்திலே ஒரு காணியையும் தொடாமல், தரிசிலே இடம் தேட வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை ஒன்று: கோட்டையிலே யார் அமர்ந்தாலும் சரி, பெருந்தொழில் சலுகைக்கும் ஒன்றியமே அளவாக வேண்டும். அதைக் கேட்பதற்குக் கையிலே கணக்கு வேண்டும். சித்தாமூர், இலத்தூர், அச்சிறுபாக்கம், மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் ஒன்றியத் தோழர்கள் ஊராட்சி வாரியாக எழுதி வாருங்கள்: காலைப் பேருந்திலே வேலைக்கு வெளியே போகிறவர் எத்தனை பேர், சென்னையிலே தங்கிவிட்டவர் எத்தனை பேர், படித்துவிட்டு வீட்டிலே இருக்கும் பெண்கள் எத்தனை பேர், தரிசு எங்கே கிடக்கிறது. ஒரு மாதம் தருகிறேன். அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சேர்ந்து போவோம்.