அறுவைக்குப் பின் அசைவு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் தமிழ் கற்பித்து வாழ்வேமன்றி மருத்துவ நூல் வல்லேம் அல்லேம். எனினும், அறுவை செய்துகொண்டு இல்லந் திரும்பினோரைக் காணச் செல்லுந்தொறும் ஒரு காட்சி எம்மை வருத்துகின்றது. நோயாளர் கட்டிலிற் கிடக்கின்றார்; சுற்றத்தார் சூழ்ந்திருந்து, "அசையாதீர், தையல் பிரிந்துவிடும்" என்கின்றனர். அன்பினாற் கூறும் அச்சொல்லே பல்கால் அவருக்குத் தீங்காய் முடிகின்றது. அஃது எங்ஙனம் என்பதை, மருத்துவர்பாற் கேட்டும் நூல்களிற் பயின்றும் அறிந்த அளவிற் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் புண் ஆறும் முறையை நோக்குவோம். கத்தி பட்ட இடத்திற் சில நாள் வீக்கமும் வெம்மையும் தோன்றும். பின்னர்ச் சில வாரங்கள் உடலானது கொலாஜன் என்னும் நாரினை நெய்கின்றது. விரைவில் நெய்த அந்நார் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடக்கும். அதன்பின் ஓராண்டும் அதற்கு மேலும், பழைய நார் கரையப் புதிய நார் இழுவிசை வருந் திசை நோக்கி அமைகின்றது. தழும்பின் வலிமை மூன்றாம் வாரத்தில் இயல்பான தோலின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கே. மூன்று திங்களில் 80 விழுக்காட்டை அணுகும். முழு வலிமை ஒருநாளும் மீள்வதில்லை. ஆகவே தொடக்கத்தில் மிகை இழுப்புக் கேடாம். அசைவே இன்றிக் கிடப்பினோ, நார் சுருங்கி அண்டையிலுள்ள தசையோடும் நரம்போடும் ஒட்டிக்கொள்ளும், அதுவும் கேடாம்.

இவ்வுண்மை விரலில் நன்கு விளங்கும். விரலை மடக்கும் தசைநாண் ஒடுங்கிய உறையினுள் வழுக்கி ஓடுவது. அது வெட்டுண்டு தைத்த பின், அசையாது வைப்பின் உறையோடு ஒட்டும். வலிந்து மடக்கின் தையல் அறும். அமெரிக்க நாட்டு லூயிவில் நகரத்துக் கைம்மருத்துவர் ஹரால்டு கிளைனர்ட், 1967-இல், நகத்திற் கட்டிய ரப்பர் இழையால் இதற்கு வழி காட்டினார். நோயாளர் விரலைத் தாமே நீட்டுவார். மடக்குவது இழையின் வேலை. தையலுக்குச் சுமையின்றித் தசைநாண் அசைந்தது.

வயிற்றறுவைக்குப் பின்னும் முற்காலத்தில் நோயாளரை வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடத்தினர். சிகாகோ நகரத்து எமில் ரீஸ் என்பார் விரைவில் எழுப்புக என்று 1899-இலேயே எழுதினார். அன்று கேட்டார் சிலரே. 1940-களில்தான் அக்கொள்கை பரவிற்று. இன்றோ, தடையில்லாதாரை அன்றே அல்லது மறுநாளே நடக்கச் செய்கின்றனர். கெண்டைக்காலிற் குருதி உறைதலும் நுரையீரலிற் சளி தேங்குதலும் அதனாற் குறைகின்றன.

இனி நம் இல்லங்களில் மிகுதியாய்க் காண்பது முழங்கால் மாற்று அறுவை. நம் உறவினருள் மூதாட்டியார் ஒருவர் அதன்பின் நோவு தாளாது முழங்காலின் கீழ்த் தலையணை வைத்து ஆறு வாரம் கிடந்தார். பயிற்சி அளிக்க வந்தவரை, "அம்மா அழுகின்றார்" என்று மக்கள் திருப்பி அனுப்பினர். முழங்கால் நீளவும் மடங்கவும் மாட்டாது இறுகிற்று. முடிவில் மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் தம் கையால் வளைத்து ஒட்டுக்களைப் பிரிக்க நேர்ந்தது. நாற்காலியினின்று எளிதில் எழுதற்கு 90 பாகைக்கு மேல் முழங்கால் மடங்குதல் வேண்டும். நன்கு நடத்தற்கு அது நேராக நீளுதலும் வேண்டும். தலையணை தரும் சுகம் இவ்விரண்டையும் கவர்ந்துகொள்ளும். தலையணையைக் குதிகாலின் கீழ் வைப்பின் முழங்கால் நீளும்.

எல்லா அறுவைக்கும் ஒரே விதி என்று கொள்ளற்க. தோல் ஒட்டு வைத்த இடம் முதற் சில நாள் அசையாதிருத்தல் வேண்டும். அசைவின் அளவை மருத்துவரும் இயன்முறை மருத்துவருமே வகுப்பர். நோவு தணிக்கும் மருந்தினை அவர் சொன்னபடி உட்கொண்டு பயில்க. புண் முற்றும் மூடித் தையல் எடுத்த பின்னரே, அவர் இசைவு பெற்றுத் தழும்பினை விரலால் மெல்ல நீவுக. தழும்பு எல்லை கடந்து தடித்து வளரின், அஃது நம்போன்ற கருநிறத்தார்க்கு மிகுதியாய் வரும் கீலாய்டு ஆகலாம், காலந்தாழ்த்தாது காட்டுக. சீழ், காய்ச்சல், கெண்டைக்காலில் வீக்கமும் நோவும், மூச்சுத்திணறல் இவை தோன்றின் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனை செல்க.

அன்பர்களே! நோயாளர் அழுங்கால் உடன் அழுதல் எளிது; அருகிருந்து, "இன்னும் ஐந்து முறை" என்று எண்ணுதல் அரிது. ஆயினும் அவரை மீண்டும் நடக்க வைப்பது அவ்வெண்ணிக்கையே. சங்கத்து இளைஞர் தத்தம் தெருவில் அறுவையுற்றோர் இல்லத்திற்குப் பழக்கூடையோடு மட்டும் செல்லாது, நாளொன்றுக்கு அரைமணி நேரம் பயிற்சித் துணையாகவும் செல்வாராக. மருத்துவர் எழுதித் தந்த பயிற்சித் தாளை இல்லத்தார் சுவரில் ஒட்டி வைப்பாராக.