வயது என்ற கட்டம்

(மூத்த குடியிருப்போர் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

"கனடாவில் பனிச்சறுக்கு போனீங்களாமே, அதைப் பற்றிப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சறுக்கியதைவிட விழுந்ததுதான் அதிகம். அதையே சொல்கிறேன்.

வான்கூவரில் இருக்கும் மகள், பிப்ரவரியில் ஒருநாள் எங்களை விஸ்லருக்குக் கூட்டிப்போனாள். காரில் சுமார் 120 கிலோமீட்டர். விஸ்லர், பிளாக்கோம் என்று எதிரெதிரே இரண்டு மலைகள். சறுக்கு தடங்கள் மட்டும் 200க்கு மேல். 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சறுக்குப் போட்டிகள் நடந்த இடம். பச்சை வட்டம் போட்ட தடம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம். கறுப்பு வைரம் போட்டதன் பக்கமே நாம் போகக் கூடாது.

முதலில் வாடகைக் கடை. ஒரு படிவம் நீட்டினார்கள். உயரம், எடை, வயது, அனுபவம். எடையில் நாலு கிலோ குறைத்தேன். வயது என்ற கட்டத்தில் 64க்குப் பதிலாக 49 என்று எழுதினேன். வரிசையில் எல்லாரும் இளவட்டம், கை தானாக எழுதிவிட்டது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று எத்தனையோ பேரைக் கவுண்டரிலிருந்து திருப்பி அனுப்பியவன் நான்!

மகள் எட்டிப் பார்த்துவிட்டாள். "அப்பா, இதை வைச்சுதான் ஸ்பிரிங்கை முறுக்குவாங்க" என்றாள். விஷயம் இதுதான். பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பைண்டிங், நாம் விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். கழலாவிட்டால் அந்த நீளப் பலகை முழங்காலைத் திருகிவிடும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், பூட்ஸ் நீளம், வயது எல்லாம் பார்த்து வைக்கிறார்கள். 50 வயதானால் ஒரு படி தளர்த்துவார்கள். எடையில் சொன்ன பொய் தளர்த்தும், வயதில் சொன்ன பொய் இறுக்கும், பற்றும் வரவும் சரியாகிவிடாதா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். பிறகு புதுப் படிவம் வாங்கி உண்மையை எழுதினேன்.

கோண்டோலாவில் பாதி மலை ஏறினால் ஒலிம்பிக் ஸ்டேஷன். புதியவர்கள் பழகுவது அங்கேதான். மேட்டில் ஏற நகரும் கம்பளம் உண்டு. பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும்; குழந்தைகளுக்கு அதன் பெயர் பீட்சா. "தாத்தா, பீட்சா! பீட்சா!" என்று பேத்தி கத்திக்கொண்டே இருந்தாள்.

மதியத்துக்குமேல் கொஞ்சம் தைரியம் வந்து, ஒரு பச்சைத் தடத்தில் இறங்கினேன். பாதியில் வேகம் பிடித்துவிட்டது. பீட்சாவும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. வலது பக்கமாகச் சாய்ந்தேன், பலகை ஒரு பக்கம் இழுக்க, கால் இன்னொரு பக்கம். முழங்கால் போச்சு என்று நினைத்த அந்த நொடியில் 'டக்' என்று ஒரு சத்தம். பலகை கழன்று தனியாகக் கிடந்தது. எழுந்து நின்று காலை மடக்கி நீட்டிப் பார்த்தேன். வலியே இல்லை. மகள் ஓடி வந்தாள். இருவருமே படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நாள் முழுக்க உள்ளே உட்கார்ந்து காபி குடித்த என் மனைவி, மாலையில் 'பீக் டு பீக்' கோண்டோலாவுக்கு மட்டும் சம்மதித்தாள். இரண்டு மலைகளையும் இணைப்பது. 2008 டிசம்பரில் திறந்தது. 4.4 கிலோமீட்டர், 11 நிமிடம். நடுவில் கீழே இருக்கும் ஓடையிலிருந்து 436 மீட்டர் உயரம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். பேச்சுக் கொடுப்போமே என்று 49 விஷயத்தைச் சொன்னேன். எதிர் மலை வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள், பயப்படவே மறந்துவிட்டாள்.