எண்ணூறு மீட்டர் யாருக்கு?
(பரிசளிப்பு விழாவில் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் ஆற்றிய உரை)

 

பரிசு பெற்ற பிள்ளைகளைப் பற்றித் தலைமையாசிரியர் விரிவாகப் பேசிவிட்டார். நான் ஓட்டத்தைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது பெற்றோர்கள் என்னிடம் இரண்டு விதமாகக் கேட்பதுண்டு. ஒருவர், "சார், எம் பையன் நூறுல மூனாவதாத்தான் வர்றான், எண்ணூறுல போட்டுப் பாருங்களேன்" என்பார். இன்னொருவர், "நல்லா வேகமா ஓடுற புள்ளைய எதுக்கு சார் ரெண்டு சுத்து சுத்த விடுறீங்க?" என்பார். முதலாமவர் எண்ணூறு மீட்டரை வேகம் இல்லாதவனுக்கான ஓட்டம் என்று நினைக்கிறார். இரண்டாமவர் அதை வேகத்தைக் கெடுக்கும் ஓட்டம் என்று நினைக்கிறார். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து.

தோட்டத்து வேலையை வைத்தே இதைப் பார்க்கலாம். குலையைத் தூக்கி லாரியில் வீசுகிறவருக்கு ஒருவகைப் பலம் வேண்டும். காலையிலிருந்து மதியம்வரை நிரையில் நடந்து அறுத்துக்கொண்டே போகிறவருக்கு வேறுவகைப் பலம் வேண்டும். முதல் பலம் தசையில் ஏற்கெனவே சேர்ந்திருப்பது. சட்டென்று வரும், சட்டென்று தீரும். இரண்டாவது, மூச்சில் இழுக்கும் பிராணவாயுவால் வருவது. மெதுவாகத் தொடங்கும், நெடுநேரம் நிற்கும். நூறு மீட்டர் ஓட்டம் அநேகமாக முழுவதும் முதல் பலத்தால் முடிந்துவிடும். நானூறு மீட்டரிலும் பாதிக்கு மேல் அதுதான். எண்ணூறுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரருக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்குச் சக்தி பிராணவாயுவிலிருந்து வருகிறது. ஆயிரத்தைந்நூறில் அது ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல்.

அப்படியென்றால் எண்ணூறு நெடுந்தூரக்காரருக்கு உரியது என்று எழுதி முடித்துவிடலாம் அல்லவா? முடியாது. மீதமுள்ள அந்த மூன்றில் ஒரு பங்கில்தான் பதக்கம் இருக்கிறது!

1976ஆம் ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். கியூபா நாட்டு அல்பெர்ட்டோ ஹுவாண்டொரேனா முன்பு கூடைப்பந்து ஆடியவர், பிறகு நானூறு மீட்டர் ஓட்டக்காரர். அவர் எண்ணூறில் இறங்கி 1 நிமிடம் 43.50 விநாடியில் உலகச் சாதனையுடன் வென்றார். சில நாட்களில் நானூறையும் வென்றார். அதே ஓட்டத்தில் முதல் சுற்றில் முன்னால் ஓடியவர் யார் தெரியுமா? இந்திய இராணுவ வீரர் ஸ்ரீராம் சிங். முதல் நானூறு மீட்டரை 50.85 விநாடியில் கடந்தார். உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்கள் அத்தனை பேரும் அவருக்குப் பின்னால்! கடைசியில் ஏழாவதாக வந்தார். ஆனால் அவர் எடுத்த 1 நிமிடம் 45.77 விநாடி என்ற நேரத்தை வேறோர் இந்தியர் மிஞ்ச 2018ஆம் ஆண்டுவரை, அதாவது 42 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. ஏழாவது இடம் என்று கேட்டவுடன் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இது வேகத்திலிருந்து ஏறிவந்த வழி. மறுவழியும் உண்டு. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய சீடர் பீட்டர் ஸ்னெல் எண்ணூறு மீட்டர்க்காரர்தான். ஆனால் வாரத்துக்கு நூறு மைல் ஓடவைத்தார் லிடியார்ட்! இரண்டு சுற்று ஓட்டத்துக்கு இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று பலரும் கேட்டிருப்பார்கள். ஸ்னெல் 1960இல் ரோமில் எண்ணூறை வென்றார். 1964இல் டோக்கியோவில் எண்ணூறு, ஆயிரத்தைந்நூறு இரண்டையும் வென்றார். சும்மா ஓடவிட்டால் அவரைவிட வேகமாக ஓடக்கூடியவர்கள் இருந்தார்கள். ஆனால் கடைசி நூறு மீட்டரில் அவர்களிடம் அந்த வேகம் மிச்சமில்லை, இவரிடம் இருந்தது.

ஒரு நுட்பம் உண்டு, பெரிய மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 2012இல் லண்டனில் கென்யாவின் டேவிட் ருடிஷா 1 நிமிடம் 40.91 விநாடியில் உலகச் சாதனை செய்தபோது, முதல் சுற்று 49.28 விநாடி, இரண்டாம் சுற்று 51.63 விநாடி. எண்ணூறில் எல்லாரும் கடைசியில் தளரத்தான் செய்கிறார்கள். குறைவாகத் தளருகிறவர் ஜெயிக்கிறார். ஆயிரத்தைந்நூறில் அப்படியல்ல. பெரிய போட்டிகளில் அநேகமாகக் கடைசிச் சுற்றுதான் மிக வேகமானதாக இருக்கும். ஆகவே எண்ணூறு வேகக்காரருக்குக் கொஞ்சம் நெருக்கம், ஆயிரத்தைந்நூறு தாங்குசக்திக்காரருக்கு நெருக்கம் என்பது என் முடிவு.

நம் நாட்டுக்கு வருவோம். டாக்டர் மா. ஜெகதீசன் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் நானூறு மீட்டர் ஓடியவர். அவர் மேலே ஏறவில்லை, கீழே இறங்கினார். 1966இல் பாங்காக் ஆசியப் போட்டியில் நூறு, இருநூறு, 4x100 அஞ்சல் ஓட்டம் மூன்றிலும் தங்கம். பி. ராஜ்குமார் 1985இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் திடல்தட வெற்றியாளர் போட்டியில் எண்ணூறு மீட்டரை 1 நிமிடம் 47.37 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். எத்தனையோ இளைஞர்கள் வந்தும் பல பத்தாண்டுகள் அந்த மலேசியச் சாதனை அசையவில்லை. இந்தப் பெயரைப் பந்து விளையாட்டுக்காரர்களின் பெயர் தெரிகிற அளவுக்கு நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லையே என்பது எனக்கு வருத்தம்.

மூன்றாவது பெயர் எம். ராஜாமணி. தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். 1965இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்பப் போட்டியில் இருநூறு, நானூறு, எண்ணூறு, அஞ்சல் ஓட்டம் ஆகிய நான்கிலும் தங்கம் வென்ற பெண்மணி. மறு ஆண்டு பாங்காக்கில் நானூறு மீட்டரில் ஆசியத் தங்கம். வேகக்காரியா, தாங்குசக்திக்காரியா என்று கேட்டால் இவருக்கு எந்தப் பெட்டியில் இடம் கொடுப்பது?

அந்தக் காலத்தில் பெண் எண்ணூறு மீட்டர் ஓடுவது சாதாரணக் காரியம் இல்லை. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்களை அந்த ஓட்டத்தில் விட்டார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே உலகச் சாதனை நேரத்தில் வென்றார். ஆனாலும் ஓடி முடித்தவர்கள் களைத்துப் போனதைப் பார்த்து, "பெண்களின் உடம்பு இதைத் தாங்காது" என்று சொல்லி அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடி சேர்த்தது 1960இல்! முப்பத்திரண்டு ஆண்டுகள். ஆண்கள் ஓடி முடித்துப் புல்லில் விழுந்தால் வீரம், பெண்கள் விழுந்தால் ஆபத்து. அதே வார்த்தையை நான் இந்தத் தோட்டத்திலும் கேட்டிருக்கிறேன். "பொம்பளப் புள்ள சார், இனிமே ஓடவேண்டாம்" என்று ஆறாம் ஆண்டிலேயே காலணியைக் கழற்றி வைத்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்களில் ஒருத்தி இரண்டாம் சுற்றில் பையன்களைத் தாண்டிப் போனதை நான் கண்ணால் பார்த்தவன். அவள் எந்த ஓட்டத்துக்குப் பொருத்தமானவள் என்று கண்டுபிடிக்க நமக்கு அவகாசமே கிடைக்கவில்லை.

ஏனென்றால் பத்து, பன்னிரண்டு வயதில் இதைத் தீர்மானிக்க முடியாது. நூறு மீட்டரில் முதலாவதாக வருகிறவன் பல நேரங்களில் சீக்கிரம் வளர்ந்தவன், அவ்வளவுதான். படிவம் இரண்டு, மூன்றில் மற்றவர்கள் வளர்ந்துவிட்டால் அவன் நடுவில் நிற்பான். இன்று கடைசியில் வரும் குட்டைப் பையன் அன்று முன்னால் நிற்கலாம். நூறு மீட்டர்த் தேர்வோட்டத்தை மட்டும் வைத்துக் குழுவைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பையன் ஆரம்பத்திலேயே வீட்டுக்குப் போய்விடுகிறான். பிறகு யார் கூப்பிட்டாலும் வரமாட்டான்.

நான் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, பெற்றோர்களும் செய்யலாம். பிள்ளையை இருநூறு மீட்டர் ஓடச் சொல்லி, மூன்று நிமிடம் நிறுத்தி, மறுபடி ஓடவிடுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் நேரம் அதிகம் கூடாதவன் நூறில் மூன்றாவதாக வந்தால் என்ன, நாலாவதாக வந்தால் என்ன, அவன்மேல் ஒரு கண் வையுங்கள். ஆனால் இந்த வயதில் ஸ்னெல் மாதிரி நூறு மைல் வேண்டவே வேண்டாம். ஓட்டம், தாண்டுதல், பந்து, குறுக்கோட்டம் எல்லாம் கலந்து இருக்கட்டும்.

வரும் தவணையிலிருந்து செவ்வாய், வியாழன் மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி. குழுவில் இருப்பவர்கள் மட்டுமல்ல, நான்காம் ஆண்டுமுதல் யாரும் வரலாம். பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியை ஒருவர் கூடவே இருப்பார். நம் திடல் சின்னது, எண்ணூறுக்கு நாலு சுற்று ஓடவேண்டும். சுண்ணாம்புக் கோடு நானே போட்டுவிடுகிறேன். பிள்ளைகள் ஒருநாளாவது பாரோய் அரங்கில் முழு நானூறு மீட்டர் ஓடுபாதையில் ஓடிப் பார்க்க வேண்டும், அதற்கு அனுமதி கேட்டு எழுதுவதைச் சங்கத்தின் பொறுப்பில் விடுகிறேன். பள்ளிப் பேருந்து முன்னதாகவே போய்விடுவதால், வீடு தூரமாக உள்ள ஒன்பது பிள்ளைகளைத் திரும்ப அழைத்துப் போக வேன் வைத்திருப்பவர்கள் யாரேனும் முன்வந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். எண்ணெய்க் காசை ஆசிரியர்கள் நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம்.