மருத்துவர்களின் மனச்சோர்வும் ஜமாஅத்தின் கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர், பொதுநலன் சார்ந்த ஒரு பொருளைப் பற்றிப் பேசுவது இக்கூட்டத்தின் வழக்கம். கல்வி, வரதட்சணை ஒழிப்பு, குடிநீர் என்று பல பொருள்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதியது. நோயாளியின் துன்பத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த நோயாளிக்கு மருத்துவம் செய்கின்றவரின் துன்பத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதைப் பற்றித்தான் இன்று பேச விழைகிறோம்.

நமது திண்டுக்கல் நகரின் நிலையை முதலில் எண்ணிப் பார்ப்போம். நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை, ஆத்தூர், ஒட்டன்சத்திரம் என நாற்புறமும் உள்ள சமவெளி ஊர்களிலிருந்தும், சிறுமலை போன்ற மலை ஊர்களிலிருந்தும் நோயாளிகள் இந்நகரை நாடி வருகின்றனர். நான்குவழிச் சாலை விபத்தில் சிக்கியவர், வயலில் பாம்பு தீண்டியவர், பூச்சிமருந்து குடித்தவர், நள்ளிரவில் பிரசவ வலி கண்டவர் எனப் பலரும் வந்து சேரும் இடம் அரசு மருத்துவமனையே. 2022ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் தமிழகத்தில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்துவைக்கப்பட்டன. அவை அனைத்திலும் சேர்த்து 1450 மாணவர் இடங்கள். அவற்றுள் ஒன்று நமது திண்டுக்கல்லுக்குக் கிடைத்தது. நம் பிள்ளைகள் வெளியூர் செல்லாமலே மருத்துவம் பயிலும் வாய்ப்பு வந்ததென்று மகிழ்ந்தோம். அந்தப் பிள்ளைகள் நாளை எத்தகைய வாழ்க்கைக்குள் நுழையப் போகிறார்கள் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘பர்ன் அவுட்’ என்று ஒரு சொல் உண்டு. எண்ணெய் தீர்ந்த பின்னும் திரி எரிந்துகொண்டிருந்தால் திரியே கருகிவிடும் அல்லவா? அந்த நிலைக்குத்தான் அப்பெயர். 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பில் இதற்கு விளக்கம் அளித்தது. இது ஒரு நோயன்று. தீர்க்கப்படாத பணி நெருக்கடி தொடர்வதால் விளையும் நிலை என்பது அதன் கருத்து. மூன்று அடையாளங்களையும் அது குறித்தது. முதலாவது, உடலும் மனமும் சக்தியற்றுப் போதல். இரண்டாவது, செய்யும் பணியின் மீதே வெறுப்பும் விலகலும் தோன்றுதல். மூன்றாவது, தம்மால் இப்பணியைச் சரிவரச் செய்ய இயலவில்லை என்ற எண்ணம் வேரூன்றுதல்.

இவற்றுள் இரண்டாவது அடையாளத்தைச் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். ‘அந்த டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை, நோயாளியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை’ என்று நம் மக்கள் குறைப்படுவது உண்டு. அதைக் கர்வம் என்று எண்ணுகிறோம். சிலரிடத்தில் அது கர்வமாகவும் இருக்கலாம். ஆயினும் பலரிடத்தில் அது, நாள்தோறும் பிறர் துயரத்தைச் சுமந்து சுமந்து மரத்துப்போன மனத்தின் அடையாளமாகும். மருத்துவரின் மனநலம் கெடுமானால் அதன் விளைவு அவரோடு நின்றுவிடுவதில்லை. உறக்கமற்ற கண்கள் மருந்தின் அளவைத் தவறாகப் படிக்கக்கூடும். ஆகவே இது அவர்களுடைய பிரச்சினை மட்டுமன்று, நம்முடைய பிரச்சினையும் ஆகும்.

இந்நிலைக்குக் காரணம் என்ன? முதற்காரணம் பணி நேரம். உறைவிட மருத்துவர்களின் தொடர்பணி சாதாரணமாக ஒரு நாளில் 12 மணி நேரத்தையும், வாரத்தில் 48 மணி நேரத்தையும் தாண்டலாகாது என்று மத்திய அரசு 1992ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. நடைமுறையில் 24 மணி நேரம், 36 மணி நேரம் எனத் தொடர்ந்து பணியாற்றும் வழக்கம் நாடெங்கும் நிலைபெற்றுவிட்டது. மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆராயத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. அதன் கருத்துக்கணிப்பில் பங்குபெற்ற இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் மனநலப் பாதிப்பு தமக்கு உண்டு எனத் தெரிவித்தனர். முதுநிலை மாணவர்களில் 31.2 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர், தற்கொலை எண்ணம் தமக்கு வந்ததுண்டு என்று கூறியிருந்தனர். வாரத்தில் 74 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், நாளொன்றுக்கு ஏழு முதல் எட்டு மணி நேர உறக்கம் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. உறக்கத்தையும் ஒரு குழு பரிந்துரைக்க வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே நிலைமையை உணரலாம்.

இரண்டாவது காரணம் அச்சம். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், நீண்ட பணியின் இடையே சற்றுக் கண்ணயரச் சென்ற பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் பாலாஜி ஜெகந்நாதன் தமது பணியறையிலேயே கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர், அங்கே சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகன். இறையருளால் மருத்துவர் உயிர் பிழைத்தார். தாயின் மீது கொண்ட பாசம், அத்தாய்க்குச் சிகிச்சையளித்தவர் மீது கத்தியாக மாறியதைக் கேட்டு நாடே அதிர்ந்தது.

மூன்றாவது காரணம் நன்றியின்மை. சென்னையைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவால் காலமானார். அவரது உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. ஆம்புலன்ஸ் கண்ணாடிகள் நொறுங்கின. உடன் சென்றவர்கள் இரத்தக் காயம் பட்டனர். நள்ளிரவில் அவருடைய நண்பரான மருத்துவர் பிரதீப் குமார், மருத்துவமனைப் பணியாளர் இருவரின் துணையோடு, மண்வெட்டி பிடித்துத் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். அவர் விரும்பிய கீழ்ப்பாக்கம் கல்லறையில் மறு அடக்கம் செய்ய உயர்நீதிமன்றம் 2021ஆம் ஆண்டில்தான் அனுமதியளித்தது. ஒரு ஜனாஸாவைக் கண்ணியத்தோடு அடக்குவது ஊரார் அனைவர் மீதும் உள்ள கடமை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதே கொரோனா காலத்தில், உறவினர்களே நெருங்க அஞ்சிய உடல்களைச் சாதி மதம் பாராமல் அடக்கமும் தகனமும் செய்தவர்களில் தமிழகத்து முஸ்லிம் இளைஞர்கள் பலர் இருந்தனர். ஆகவே அந்த மருத்துவரின் குடும்பம் பட்ட வேதனையை நம்மால் முழுமையாக உணர முடியும்.

நம் மாவட்டத்திற்கு மருத்துவத் தியாகம் புதிதன்று. காந்திகிராமத்தையும் அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனையையும் உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரை அறியாதவர் இங்கு இலர். இளம் வயதில் கைம்பெண்ணான அவர் அத்துயரிலிருந்து எழுந்து மருத்துவம் பயின்றார். 1947ஆம் ஆண்டில் கணவர் ஜி. இராமச்சந்திரனோடு இணைந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார். அவர் எழுந்து நின்றது தம் மன உறுதியால் மட்டுமன்று; கல்வி பயில ஊக்குவித்தோரும், துணை நின்றோரும் அவருக்கு இருந்தனர். துணையில்லாத மன உறுதி நெடுநாள் நிலைக்காது. அண்மையில், 2024 டிசம்பர் 12 இரவு, திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏற்பட்ட தீ விபத்தில் ஒரு சிறுமி உட்படப் பலர் உயிரிழந்தனர். அங்கிருந்த நோயாளிகள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அத்தகைய இரவில் பணியிலிருப்போர், பொழுது விடிந்ததும் வழக்கம்போல் புறநோயாளிகளைப் பார்க்க அமர வேண்டும். இரவில் கண்டதை அவர்கள் யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது?

மருத்துவர்கள் உதவி கேட்கத் தயங்குகிறார்கள் என்பதும் உண்மை. ‘டாக்டருக்கே மனநோயா?’ என்று ஊர் பேசும் என்ற அச்சம் அவர்களை வாய் திறக்க விடுவதில்லை. இதற்கென 2022 டிசம்பரில் தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளில் ‘மனம்’ என்னும் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில், இரவும் பகலும் எவரும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். இந்த எண் மருத்துவருக்கும் உரியது, நமக்கும் உரியது.

இனி, நமது ஜமாஅத் செய்யத்தக்கவை எவை என்பதைப் பார்ப்போம்.

முதலாவதாக, மருத்துவமனைக்குக் கூட்டமாகச் செல்வதைத் தவிர்த்தல் வேண்டும். மஹல்லாவில் ஒருவருக்கு விபத்து என்றால் ஐம்பது பேர் திரள்வது நம் பாசத்தின் அடையாளம். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் இளம் மருத்துவருக்கு அந்தக் கூட்டம் மிரட்டலாகவே தோன்றும். நோயாளியுடன் இருவர் இருக்கட்டும். மற்றவர்கள் வெளியே இரத்ததானத்திற்கும் பிற உதவிக்கும் ஆயத்தமாக இருக்கட்டும்.

இரண்டாவதாக, மருத்துவரிடம் பேச ஒருவரை நியமித்தல். பத்துப் பேர் தனித்தனியே வந்து ஒரே கேள்வியைக் கேட்பதைவிட, பொறுமையும் விவரமும் உள்ள ஒருவர் கேட்டறிந்து குடும்பத்தாருக்கு விளக்குவது சிறந்தது. இப்பணிக்கென இளைஞர்கள் சிலரையும், பெண் நோயாளிகளுக்காகச் சகோதரிகள் சிலரையும் ஜமாஅத் தேர்ந்தெடுத்து வைக்கலாம்.

மூன்றாவதாக, ஜனாஸா தொடர்பானது. மையித்தை விரைந்து அடக்க வேண்டும் என்பது நம் மார்க்க நெறி. ஆனால் விபத்து, விஷம் போன்ற மரணங்களில் காவல்துறை விசாரணை முடிந்து பிரேதப் பரிசோதனை நடந்த பின்னரே உடலை ஒப்படைக்கச் சட்டம் இடமளிக்கிறது. இந்தத் தாமதத்தைப் பணியிலிருக்கும் மருத்துவரால் தவிர்க்க இயலாது. அவரிடம் குரலை உயர்த்துவதால் ஒரு நிமிடமும் மிச்சமாகாது. போதிய வசதியுள்ள மருத்துவமனைகளில், கொலை, தற்கொலை போன்ற சந்தேக மரணங்கள் நீங்கலாக, சூரியன் மறைந்த பின்னரும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. எனவே ஜமாஅத் நிர்வாகிகள் உடனடியாகக் காவல் நிலையத்தை அணுகித் தாள்களை விரைவுபடுத்துவதே உரிய வழி.

நான்காவதாக, குறையிருந்தால் முறையாக முறையிடுதல். மருத்துவர்கள் தவறே செய்யாதவர்கள் என்று நாம் கூறவில்லை. சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்ததாகக் கருதினால் மருத்துவமனை முதல்வர், தமிழ்நாடு மருத்துவ மன்றம், நுகர்வோர் ஆணையம் ஆகிய வழிகள் திறந்தே இருக்கின்றன. மனு எழுத ஜமாஅத் துணை நிற்கும். கை ஓங்குவதற்கு ஒருபோதும் துணை நிற்காது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவது, 2008ஆம் ஆண்டின் தமிழகச் சட்டப்படி, எளிதில் பிணை கிடைக்காத குற்றம் என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக, நம் இல்லங்களில் உள்ள மருத்துவர்கள். தெருவில் ஒருவர் டாக்டராகிவிட்டால் நேரம் காலம் பாராமல் கைப்பேசியில் அழைத்துச் சளிக்கும் காய்ச்சலுக்கும் யோசனை கேட்பது வழக்கமாகிவிட்டது. அவசரமில்லாதவற்றை அவர் ஓய்வு கெடாத வேளையில் கேட்கலாம். பெற்றோர்களே, இரவுப் பணி முடிந்து வந்த மகன் பேசாமல் படுத்துவிட்டால், ‘இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தோமே’ என்று தொடங்காதீர்கள். சாப்பிட்டாயா, உறங்கினாயா என்று கேளுங்கள். மாமியார்களே, மருத்துவரான மருமகளும் மனுஷிதான். முப்பது மணி நேரம் நின்று வந்தவளுக்கு அடுப்பங்கரையில் விலக்களிப்பது அவளுக்குச் செய்யும் சலுகை அன்று, அவளது உரிமை. மணமுடிக்கும்போதே இதைப் பேசி முடிவு செய்தல் நன்று.

இவை யாவும் நம்மால் இயன்றவை. எனினும் நாம் நன்றி சொல்வதாலும் பொறுமை காப்பதாலும் மட்டும் இப்பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ப மருத்துவர் பணியிடங்கள், அரசாணை 354இன்படி ஊதிய உயர்வு ஆகியவற்றைக் கேட்டுத் தமிழக அரசு மருத்துவர்கள் 2019 அக்டோபர் இறுதியில் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது அதனைத் தங்கள் சம்பளத்துக்கான போராட்டம் என்று மட்டும் பார்த்தவர்கள் உண்டு. மூவர் செய்யும் வேலையை ஒருவர் செய்தால் அதன் இழப்பு வரிசையில் நிற்கும் நோயாளிக்கே என்பதை நாம் உணர வேண்டும். எனவே, மருத்துவர், செவிலியர் காலிப் பணியிடங்களை நிரப்பவும், பணி நேர வரம்பைக் கடைப்பிடிக்கவும், இரவுப் பணியாளருக்குப் பாதுகாப்பான ஓய்வறை அமைக்கவும் கோரி, மற்ற ஜமாஅத்துகளையும் அனைத்துச் சமய அமைப்புகளையும் இணைத்து மாவட்ட ஆட்சியரிடம் மனு அளிக்கலாம் என்ற தீர்மானத்தை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறோம்.

இக்கூட்டத்திற்குப் பின் இளைஞர் அணியினர் கதவருகே ஒரு பதிவேட்டோடு அமர்ந்திருப்பார்கள். மருத்துவமனைத் தொடர்புப் பணிக்கு மாதம் ஒரு நாள் ஒதுக்க இயன்றவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.