மறைவதும் ஒளிவதும்



எங்கள் ஊர் ரைஸ் மில்லில் ஒரே ஒரு மோட்டார்தான் இருந்தது. கூரைக்குக் கீழே நீளமான இரும்புத் தண்டு ஒன்றை அது சுழற்றும். தண்டில் வரிசையாகக் கப்பிகள், கப்பிக்கு ஒரு பட்டை, பட்டைக்கு ஓர் இயந்திரம். நெல் அரைப்பது, மாவு அரைப்பது, மிளகாய் இடிப்பது எல்லாம் அந்த ஒற்றை மோட்டாரின் தயவில்தான். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவர் பேச்சுக்கூடக் காதில் விழாது.

இன்று யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியர் பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பில் எங்களிடம் கேட்டார்: "உங்க வீட்டுல எத்தனை மோட்டார் இருக்கு?" கிணற்று மோட்டாரை மட்டும் சொன்னோம். அவர் மின்விசிறி, மிக்சி, டேப் ரெக்கார்டர் என்று எங்களையே எண்ண வைத்தார். தினமும் புழங்கிய பொருள்கள். அவற்றுக்குள் மோட்டார் இருப்பது நினைப்பிலேயே இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் 1991 செப்டம்பரில் வந்த ஒரு கட்டுரையைப் படித்தபோது அந்த வகுப்பறை நினைவுக்கு வந்தது. எழுதியவர் மார்க் வைசர். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றியவர். அவரும் மோட்டாரைத்தான் உதாரணம் காட்டியிருந்தார். ஒற்றைத் தண்டில் ஓடிய பட்டறைகள் போய், மோட்டார் சிறுத்து, மலிந்து, ஒவ்வொரு கருவிக்குள்ளும் புகுந்து மறைந்ததுபோலக் கணினியும் மறைய வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கு அவர் 1988இல் இட்ட பெயரை 'எங்கும் நிறை கணிமை' என்று தமிழில் சொல்லலாம். இறைவனுக்கு வழங்கும் சொல்லைக் கருவிக்குத் தருகிறோமே என்ற தயக்கம் எனக்கு இன்றும் உண்டு.

அங்குல அளவில், அடி அளவில், கஜ அளவில் மூவகைக் கருவிகளை அவர் குழு உருவாக்கியது. அடி அளவிலான பலகை யாருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது என்றார்கள். மேசையில் கிடக்கும் துண்டுத்தாளை எடுத்துக் கிறுக்கிவிட்டுப் போவதுபோல, எடுத்த வேலை முடிந்ததும் அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

அந்த ஆய்வகத்தில் என் மனத்தைத் தொட்டது ஒரு கயிறு. நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் செய்தது. கூரையில் ஒரு சின்ன மோட்டார், அதிலிருந்து தொங்கும் எட்டடி நீளப் பிளாஸ்டிக் கயிறு. மோட்டாரை அலுவலகக் கணினி வலையின் கம்பியோடு இணைத்திருந்தார்கள். தகவல் ஓடும்போதெல்லாம் கயிறு துள்ளும். போக்குவரத்து குறைந்தால் எப்போதாவது ஒரு துடிப்பு. கூடினால் சுழன்றடித்து இரைச்சலிடும். யாரும் அதை உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. சமையலறையில் கொதி வந்துவிட்டது என்று கூடத்தில் இருப்பவருக்கு ஓசையிலேயே தெரிகிறதல்லவா, அப்படித்தான். வைசர் இதை அமைதியான தொழில்நுட்பம் என்றார். இதைவிட அழகான கணினிக் கருவி ஒன்றை நான் அறியேன்.

அவர் 1999இல், 46 வயதில் காலமானார். ஸ்மார்ட்போன் காலத்தை அவர் பார்க்கவில்லை. இன்று வீட்டு விளக்குக்கு ஒரு செயலி, மின்விசிறிக்கு ஒரு செயலி, வாசல் கேமராவுக்கு ஒரு செயலி. எல்லாப் பட்டைகளும் பையிலிருக்கும் ஒரு கைப்பேசிக்கே வந்து சேர்கின்றன. மறுபடி அந்த மில்லுக்குள் வந்து நிற்கிறோம், அதே இரைச்சல்.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. சூரியன் மறைகிறது என்கிறோம். திருடன் ஒளிகிறான் என்கிறோம். இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் போவது ஒன்றுதான். ஆனால் தமிழ் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. கருவிகளிலும் அந்த வேறுபாடு உண்டு. கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆய்வகத்தார் அணிந்த அடையாள வில்லை, 15 நொடிக்கு ஒருமுறை அகச்சிவப்பு ஒளியில் தன் எண்ணைச் சொல்லும். யார் எந்த அறையில் இருக்கிறார் என்று தெரிந்து, தொலைபேசி அழைப்பை அங்கே திருப்பலாம். அணிந்தவருக்கு அது தெரியும். கழற்றி வைத்தால் தீர்ந்தது. விஜியோ தொலைக்காட்சிகள் செய்தது வேறு. சுமார் 1 கோடியே 10 லட்சம் பெட்டிகள், வீட்டார் என்ன பார்க்கிறார்கள் என்பதை நொடிக்கு நொடி, அவர்கள் ஒப்புதல் இல்லாமலே சேகரித்தன என்று அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2017இல் அந்த நிறுவனம் 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. வைசரின் கனவு மறைதல். இது ஒளிதல்.

கனவு எங்கேயாவது பலித்திருக்கிறதா என்று மாணவர்கள் கேட்கலாம். எங்கள் தெருமுனைக்கு வாருங்கள். பூக்காரம்மாவின் கூடைப் பக்கத்தில் உள்ளங்கையளவு சவுண்ட் பாக்ஸ் இருக்கிறது. அதற்குள்ளேயே சிம் கார்டு; கைப்பேசி அவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு யூபிஐயில் பணம் அனுப்பினேன். தொகை வந்துவிட்டதென்று பெட்டி தமிழில் சொன்னது. நார் சுற்றிய விரல் நிற்கவில்லை, அவர் நிமிரவும் இல்லை. "சொல்லிடுச்சு, போங்க சார்" என்றார். பாலோ ஆல்டோவில் தொங்கிய கயிற்றை அன்று நான் கண்ணால் கண்டதுபோல் இருந்தது.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அவருடைய ஒவ்வொரு விற்பனையும் எங்கோ ஓர் ஏட்டில் ஏறுகிறது. அன்றாட வருமானமும் தெருவில் நிற்பவர்கள் காதில் விழுகிறது. கோயில் நடை திறந்து கூட்டம் சேரும் நேரத்தில் அவர் சத்தத்தைத் தன் காதுக்கு மட்டும் எட்டும்படி குறைத்துவிடுகிறார். அதற்கான பொத்தான் பெட்டியிலேயே, அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.